விசாரங்கள் பெருகும்போது: கவலையும் விசுவாசமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். "அக்கா, ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்து, செருப்பு போடும் இடம்வரை பேசிக்கொண்டே வருவார்கள். அப்படி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கவலையைப் பற்றியவை. அங்கேயே சொன்ன பதில்களும், சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்து யோசித்த பதில்களும் இங்கே இருக்கின்றன. வசனங்கள் எல்லாம் ஆலயத்தில் நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

கவலைப்படுவது பாவமா அக்கா? கவலை வரும்போதெல்லாம் 'எனக்கு விசுவாசமே இல்லையோ' என்று இன்னொரு கவலையும் சேர்ந்து வருகிறது.

அந்த இரண்டாவது கவலையை முதலில் இறக்கி வைப்போம். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே பவுல், கொரிந்தியருக்கு எழுதும்போது, "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது" என்கிறார் (2 கொரிந்தியர் 11:28). கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் வேர்ச்சொல் ஒன்றுதான். தீமோத்தேயுவைப் பாராட்டும்போதும் அதே சொல்லைப் போடுகிறார்: உங்கள் காரியங்களை இவனைப்போல உண்மையாய் விசாரிக்கிறவன் வேறொருவனும் இல்லை என்று. அன்பு இருக்கிற இடத்தில் அக்கறை இருக்கத்தான் செய்யும். அது எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் வேதம் கேட்கிறது.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். ஆண்டவர் அதட்டவில்லை. பறவையைக் காட்டுகிறார், காட்டுப்புஷ்பத்தைக் காட்டுகிறார், உங்கள் பிதா அறிந்திருக்கிறார் என்கிறார். பயந்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுகிற குரல் அது.

ஜெபத்தில் உட்கார்ந்தாலும் அதே பிரச்சினையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஜெபத்துக்கும் கவலைக்கும் என்னதான் வித்தியாசம்?

நம் தமிழ் வேதாகமத்திலேயே இதற்கு ஒரு அழகான பதில் இருக்கிறது. சங்கீதம் 94:19: "என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில், உம்முடைய ஆறுதல்கள் என் ஆத்துமாவைத் தேற்றுகிறது." அங்கே விசாரம் என்றால் கவலை. இப்போது 1 பேதுரு 5:7-ஐப் பாருங்கள்: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." நமக்குள் விசாரம், அவரோ விசாரிக்கிறவர். ஊரில் யாராவது உடம்பு சரியில்லாமல் படுத்தால் 'போய் விசாரிச்சிட்டு வந்தேன்' என்போமே, அந்தச் சொல்தான். மொழிபெயர்த்தவர்கள் நினைத்துச் செய்தார்களோ என்னவோ, எனக்கு இது பெரிய பிரசங்கமாகப் படுகிறது.

உள்ளடக்கம் ஒன்றாகவே இருக்கலாம். அதே மகள், அதே கடன், அதே ஆஸ்பத்திரி. எனக்குள்ளேயே சொல்லிச் சொல்லிச் சுற்றினால் கவலை. விசாரிக்கிறவரைப் பார்த்துச் சொன்னால் ஜெபம். அதனால் ஜெபத்தில் பிரச்சினை நினைவுக்கு வருகிறதே என்று வருத்தப்படாதீர்கள். முகத்தை மட்டும் அவர் பக்கம் திருப்புங்கள்.

அந்த வசனத்தில் 'வைத்துவிடுங்கள்' என்பதற்கு மூலத்தில் 'மேலே எறியுங்கள்' என்கிற சொல் இருக்கிறது. லூக்கா 19:35-இல் சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின்மேல் போட்டார்கள் அல்லவா, அங்கும் அதே சொல். துணியைக் கழற்றிப் போட்டதும் தோள் லேசாகிவிடுகிறது. சுமப்பது இனிமேல் குட்டியின் முதுகு.

ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. பகலில் சமாளித்துவிடுகிறேன், அந்த நேரத்தில் முடியவில்லை.

அந்த நேரத்தில் எல்லாமே இரண்டு மடங்காகத் தெரியும். எனக்கும் அப்படித்தான். நான் செய்வதைச் சொல்கிறேன்.

போனைத் தொடுவதில்லை. தலைமாட்டில் ஒரு பழைய நோட்டும் பென்சிலும் இருக்கும். மனதில் ஓடுவதை ஒரே வாக்கியமாக எழுதுவேன். முதல் வார்த்தை 'ஆண்டவரே' என்று இருக்க வேண்டும். 'ஃபீஸ் கட்டணும், எப்படிக் கட்டப் போறேனோ' என்று மனதில் ஓடும்போது அதற்கு அளவே கிடையாது. இருட்டில் வளர்ந்துகொண்டே போகும். 'ஆண்டவரே, பத்தாம் தேதிக்குள் பதினெட்டாயிரம் வேண்டும், கையில் ஏழாயிரம் இருக்கிறது' என்று எழுதினால் அதற்கு ஓர் அளவு வந்துவிடுகிறது. பதினோராயிரம். பெரிய தொகைதான், ஆனால் அது பதினோராயிரம்தான். "உங்கள் விண்ணப்பங்களை... தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்று பவுல் சொல்வது இப்படித் தெளிவாகச் சொல்வதைத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அவருக்குத் தெரியாது என்பதற்காக அல்ல. அவரிடம் சொல்லும்போதுதான் நமக்கே தெரிய வருகிறது.

அடுத்த வரியில் ஒரு ஸ்தோத்திரம். பொதுவாக 'எல்லாவற்றிற்கும் ஸ்தோத்திரம்' என்று எழுதுவதில்லை. அன்றைக்கு நடந்த ஒன்று. 'பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, ஸ்தோத்திரம்.' எழுதி மூடிவிட்டு, தூக்கம் வரும்வரை, 'பூரண சமாதானத்துடன் காத்துக்கொள்வீர்' என்கிற ஏசாயா 26:3-ஐ மெதுவாக, மூச்சோடு மூச்சாகச் சொல்வேன். சில நாள் தூக்கம் வரும். வராத நாளும் உண்டு.

எனக்கு ஜெபிக்க வார்த்தையே வருவதில்லை. பயம் அதிகமாகும்போது வாய் அடைத்துப்போகிறது.

எசேக்கியா ராஜாவுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. கி.மு. 701. அசீரியாவின் சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களையெல்லாம் பிடித்துவிட்டான். பிற்பாடு தன் கல்வெட்டில், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்தேன் என்று பெருமையாக எழுதி வைத்தவன் அவன். அவனிடமிருந்து மிரட்டல் கடிதம் வருகிறது. எசேக்கியா அதை வாங்கி வாசித்துவிட்டு, "கர்த்தரின் ஆலயத்துக்குப் போய், அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து" ஜெபித்தான் என்று 2 இராஜாக்கள் 19:14 சொல்கிறது. ஜெபத்தின் வார்த்தைகள் அடுத்த வசனத்தில்தான் வருகின்றன. முதலில் விரித்தான்.

அப்பாவுடைய ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று நான் செய்தது இதுதான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, ரிப்போர்ட்டை உறையிலிருந்து எடுத்துக் கட்டிலின்மேல் விரித்தேன். ஃபேன் காற்றில் ஓரம் சுருண்டு எழும்பியது. ஒரு பக்கம் டார்ச் லைட்டையும் மறுபக்கம் அப்பாவின் கண்ணாடிக் கூட்டையும் வைத்து அழுத்தினேன். என்ன ஜெபிப்பது என்று தெரியவில்லை. அதனால் அதில் இருந்ததையே ஒவ்வொரு வரியாக ஆண்டவருக்கு வாசித்துக் காட்டினேன், அர்த்தம் புரியாத மருத்துவ வார்த்தைகள் உட்பட. கடைசி வரி வந்தபோது அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

பாங்க் நோட்டீஸோ, வக்கீல் கடிதமோ, பிள்ளையின் மார்க் ஷீட்டோ, எதுவாக இருந்தாலும் சரி. வார்த்தை வராத நாளில் காகிதத்தை விரியுங்கள்.

'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்றால் சேமிக்கக் கூடாதா? இன்சூரன்ஸ் எடுப்பது அவிசுவாசமா?

மறுபடியும் எசேக்கியாவிடமே போவோம். கடிதத்தை விரித்து ஜெபித்த அதே மனிதன்தான், எதிரி வருவதைக் கண்டதும் நகரத்துக்கு வெளியே இருந்த ஊற்றுகளை அடைத்தான், இடிந்த மதிலைக் கட்டினான் (2 நாளாகமம் 32). தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவர வாய்க்கால் வெட்டினான். எருசலேமில் அவனுடையது என்று சொல்லப்படும் சுரங்கம் இன்றும் இருக்கிறது. சுமார் 533 மீட்டர் நீளம், பாறைக்குள் குடைந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வெட்டிக்கொண்டே வந்து, நடுவில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சந்தித்ததாக உள்ளே இருந்த ஒரு கல்வெட்டு சொல்கிறது. 1880-இல் அதைக் கண்டெடுத்தார்கள்.

திட்டமிடுவதற்கு ஒரு முடிவு உண்டு: ஒரு வேலையைச் செய்து முடித்ததும் கையைக் கழுவிவிடலாம். கவலை எதையும் வெட்டாது, எதையும் கட்டாது. "கவலைப்படுகிறதினாலே உங்களில் எவன் தன் சரீர அளவோடு ஒரு முழத்தைக் கூட்டுவான்?" என்று ஆண்டவர் கேட்டது அதைத்தான். பாலிசி எடுங்கள், சீட்டு கட்டுங்கள். கட்டிய பிறகு ரசீதைத் தினமும் எடுத்துப் பார்க்காதீர்கள்.

'எண்ணத்தைச் சிறைப்படுத்து' என்கிறார்கள். எண்ணம் அதுபாட்டுக்கு வருகிறதே, அதை எப்படிப் பிடிப்பது?

வருவதைத் தடுக்க முடியாது. வந்ததை விசாரணை செய்யலாம். பிலிப்பியர் 4:8-இல் பவுல் ஒரு வரிசை தருகிறார்: உண்மையுள்ளவைகள், ஒழுக்கமுள்ளவைகள், நீதியுள்ளவைகள் என்று தொடங்கிப் புகழ்வரை. அதில் முதலில் நிற்பது 'உண்மை'. என் கவலைகளில் பெரும்பாலானவை அந்த முதல் வாசலைத் தாண்டுவதே இல்லை. 'அவர் போனை எடுக்கவில்லை' என்பது உண்மை. 'ஆக்ஸிடென்ட் ஆகியிருக்கும்' என்பது என் மனம் சேர்த்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கே எனக்குப் பல வருஷம் பிடித்தது.

'சிந்தித்துக்கொண்டிருங்கள்' என்று அங்கே வரும் சொல் கிரேக்கத்தில் கணக்கு எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் சொல். கடையில் பேரேடு எழுதுகிறவர் வராத சரக்கை வரவு வைப்பதில்லை.

அதற்கு முந்தின வசனத்தில், தேவசமாதானம் உங்கள் சிந்தைகளைக் 'காத்துக்கொள்ளும்' என்பது போர்வீரர் காவல் நிற்பதைக் குறிக்கும் சொல். தமஸ்குவில் பவுலைப் பிடிக்கப் பட்டணத்தைக் காவல்வைத்ததாகச் சொல்லும் இடத்திலும் அதே சொல்தான். பிலிப்பி, ஓய்வுபெற்ற ரோம வீரர்களைக் குடியேற்றிய ஊர். அவர்களுக்கு இது உடனே விளங்கியிருக்கும். எழுதிய பவுலோ அப்போது கட்டுண்டு காவலில் இருந்தார். நம் வாசலில் நாம் மட்டும் தனியாக நிற்கவில்லை.

ஜெபித்து ஒப்புக்கொடுத்துவிட்டு எழுந்தால், அரை மணி நேரத்தில் அதே எண்ணம் திரும்ப வந்து நிற்கிறது.

வரும். அரை மணிக்கு ஒருமுறை வந்தால் அரை மணிக்கு ஒருமுறை ஒப்புக்கொடுங்கள். முதல் ஜெபம் பொய்யாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, மனிதனைத் தொல்லைப்படுத்தும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு எண்ணத்துக்கும் எதிராகச் சொல்ல வேத வசனங்களைத் தொகுத்து வைத்தார். வனாந்தரத்தில் நம் ஆண்டவர் சோதனைக்காரனுக்கு மூன்று முறையும் "எழுதியிருக்கிறதே" என்று பதில் சொன்னாரே, அதே வழி. எண்ணத்தோடு வாதாடிக்கொண்டிருந்தால் அது நம்மைவிட நன்றாக வாதாடும்.

உங்களுக்கு அடிக்கடி வரும் கவலை எது என்று உங்களுக்கே தெரியும். அதற்கென்று ஒரு வசனத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து வேண்டாம், ஒன்று போதும். சங்கீதக்காரன் தன் ஆத்துமாவைப் பார்த்தே பேசுகிறான்: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" 42, 43 இரண்டு சங்கீதங்களிலும் சேர்த்து மூன்று முறை அதே கேள்வி வருகிறது. அவனுக்கும் ஒரு தடவையில் தீரவில்லை.

தியானம் என்றால் மனதை வெறுமையாக்குவதா?

வேதத்தில் அப்படி இல்லை. இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிறவன் என்று முதலாம் சங்கீதம் சொல்லும் எபிரெயச் சொல் 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா 38-இல் புறா புலம்புவதற்கும் அதே சொல்தான். வயல் வேலையின் நடுவில் நம் பாட்டிமார் ஞானப்பாட்டை முணுமுணுப்பார்களே, அது தியானம்தான். பாத்திரம் கழுவும்போது செய்யலாம்.

ஜனவரி 1 ஆராதனையில் இந்த வருஷத்துக்கான வசனமாக எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை வந்தது. வருஷம் முடியப்போகிறது, ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வசனம் எனக்கும் பிரியம். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." ஆனால் அதை முந்தின வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. 10-ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப் போவதைப் பார்க்காமலே கண்மூடியிருப்பார்கள். அவர்களுக்குக் கர்த்தர் சொன்னது: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.

அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். டிசம்பர் 31-க்குள் என்கிற கெடு மட்டும் அதில் இல்லை. அதை வைத்தது நாம்.

மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். வாட்ஸ்அப்பில் அவன் கடைசியாக எப்போது வந்தான் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தாய் மனசை எப்படி மாற்றுவது?

மாற்ற வேண்டாம். மோசேயின் தாயைப் பாருங்கள். மூன்று மாதம் ஒளித்து வைத்தாள். அதற்குமேல் முடியாமல் போனபோது ஒரு நாணற்பெட்டியை எடுத்து, "பிசினும் கீலும் பூசி", பிள்ளையை அதில் வளர்த்தி நதியோரம் வைத்தாள். அந்தப் பூச்சை எனக்கு நினைத்து நினைத்துப் பார்க்கத் தோன்றும். எந்தச் சந்திலும் தண்ணீர் புகுந்துவிடக்கூடாது என்று எத்தனை தடவை விரலால் தடவியிருப்பாள்! அது அவள் கையில் இருந்த வேலை. நதி அவள் கையில் இல்லை.

உங்கள் மகனுக்கு நீங்கள் பூச வேண்டியதைப் பூசிவிட்டீர்கள். 'ஆன்லைன்' என்று தெரிகிறதா என்று பார்க்கக் கை போகும்போதெல்லாம் அவன் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபியுங்கள். போன் செய்யும்போது 'சாப்பிட்டியா, ஏன் எடுக்கலை' என்பதோடு நிறுத்தாமல் அவன் சிரிக்கிற மாதிரி ஏதாவது பேசுங்கள். தாயின் பயத்தைப் பிள்ளைகள் சுமக்கிறார்கள். அதை வளர்ந்த பிறகுதான் நம்மிடம் சொல்கிறார்கள்.

மனநல மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள். விசுவாசி மாத்திரை சாப்பிடலாமா?

சாப்பிடலாம். நெஞ்சு படபடப்பு, வாரக்கணக்கில் தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை, எந்த வேலையிலும் மனம் நிற்காமை இவையெல்லாம் இருந்தால் தாமதிக்காமல் போங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம் யாரும் விசுவாசத்தைக் கேட்பதில்லை. 'ஜெபித்தால் போதும், மாத்திரையை நிறுத்து' என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும், அந்த வார்த்தையைக் கேட்காதீர்கள். இதில் எனக்குக் கோபமே உண்டு.

எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், திரும்பப் படுத்துக்கொண்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார்கள். கேள்வி பிற்பாடுதான் வந்தது. லண்டனின் பெரிய பிரசங்கியார் ஸ்பர்ஜன், 1856 அக்டோபரில் தன் கூட்டத்தில் யாரோ 'தீ' என்று கத்தியதால் உண்டான நெரிசலில் ஏழு பேர் இறந்த துயரத்தைச் சந்தித்தார். அப்போது அவருக்கு 22 வயது. அதன் பிறகு வாழ்நாளெல்லாம் மனச்சோர்வோடு போராடினார், போராடிக்கொண்டேதான் பிரசங்கித்தார்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் தனியாக இருக்காதீர்கள். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழில் பேசலாம்.

எல்லா ஜெபமும் செய்த பிறகும், பயந்ததே நடந்துவிட்டால்?

அப்பா பிழைக்கவில்லை. ரிப்போர்ட்டை விரித்து ஜெபித்ததிலிருந்து பதினோரு மாதம். எசேக்கியாவுக்கு நடந்ததுபோல் ஒரே இரவில் எதிரி விலகிப் போகவில்லை.

கெத்செமனேயில் நம் ஆண்டவரே இந்தப் பாத்திரம் நீங்கும்படி கேட்டார். ஒரே வார்த்தைகளைச் சொல்லி மூன்றாந்தரமும் ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். பாத்திரம் நீங்கவில்லை. அதனால், 'கேட்டது கிடைக்கவில்லை என்றால் விசுவாசம் குறைவு' என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே அந்தத் தோட்டம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அந்தப் பதினோரு மாதமும் நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். ஆனால் பயத்தோடு தனியாகச் சுற்றவில்லை. அதனால் அப்பாவோடு உட்கார நேரம் இருந்தது. சாயங்காலம் அவர் சங்கீதம் வாசிக்கச் சொல்வார்; நான் வேகமாக வாசித்தால், 'மெதுவா' என்று கையை உயர்த்துவார். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற எண்ணத்திலேயே இருந்திருந்தால் அந்தக் கையைப் பார்த்திருக்க மாட்டேன்.

கவலையில் இருக்கிறவர்களிடம் என்ன சொல்வது? வசனம் சொன்னால் கோபப்படுகிறார்கள்.

யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்கள் செய்தது சரி. பேச ஆரம்பித்த பிறகுதான் தவறினார்கள்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது நிறையப் பேர் வந்தார்கள், நிறைய வசனம் சொன்னார்கள். எல்லாம் அன்பில் சொன்னதுதான். எங்கள் உபதேசியாரின் மனைவி மட்டும் தினமும் காலை ஆறரைக்கு ஃபிளாஸ்க்கில் காப்பியும், தூக்குச்சட்டியில் நான்கு இட்லியும் கொண்டு வருவார். 'நீ போய் முகம் கழுவிட்டு வாம்மா, நான் ஐயாகூட இருக்கேன்' என்பார். நான் திரும்பி வரும்போது அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, மெதுவாக எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார். என்ன பாட்டு என்று நான் கேட்டதில்லை. இட்லி இன்னும் சூடாக இருக்கும்.